தொண்டையில் நின்றுபோன சொல்

'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்று ஒரு சொலவடை நம்மிடம் உண்டு. யோசிக்காமலே பேச்சுக்கு நடுவில் எடுத்துப் போடுவோம். இளையோருக்காக எழுதப்படும் நாவல்களில் ஒரு பெரிய வரிசை, இந்த ஒற்றை வாக்கியத்தை மறுக்கவே எழுதப்பட்டது போல எனக்குத் தோன்றும். வன்முறைக்கு ஆளான பிள்ளை, வன்முறையைக் கண்ணால் பார்த்த பிள்ளை, வீட்டுக்குள் ஒரு மரணம் நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை: யாராக இருந்தாலும் வாயடைத்துப் போகிறார்கள். பயம், வெட்கம், சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை என்ற கணக்கு, எல்லாம் அந்த மௌனத்துக்குள் இருக்கும். சம்மதம் மட்டும் இருக்காது.

இந்த வரிசையில் முதலில் எடுக்க வேண்டியது லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதி 1999-இல் வெளிவந்த 'ஸ்பீக்'. தலைப்புக்குப் பொருள் 'பேசு'. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் நடக்கும் கதை. மெலிண்டா சோர்டினோ ஒன்பதாம் வகுப்பில் சேர்வதற்குச் சற்று முன்னால், கோடை விடுமுறையின் கடைசியில் நடந்த ஒரு விருந்தில், மூத்த மாணவன் ஒருவனால் பாலியல் வல்லுறவுக்கு ஆளாகிறாள். அவசர உதவி எண்ணுக்கு போன் செய்கிறாள். மறுமுனையில் குரல் கேட்கிறது, இவளுக்கு வார்த்தை வரவில்லை. போலீஸ் வருகிறது, விருந்து கலைகிறது, சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். பள்ளி திறக்கும்போது அவள் 'போலீஸைக் கூப்பிட்டவள்' ஆகிவிட்டிருக்கிறாள். ஏன் கூப்பிட்டாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நெருங்கிய தோழி ரேச்சலும் கேட்கவில்லை. கேட்கப்படாத அந்த ஒரு கேள்விதான் நாவலின் ஓர் ஆண்டு முழுவதையும் நகர்த்துகிறது.

மெலிண்டாவின் குடும்பப் பெயரைக் கவனியுங்கள். வயலினின் ஒலியை அமுக்குவதற்காக, தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற பகுதியில் மாட்டும் சிறு கருவிக்கு இத்தாலிய மொழியில் சோர்டினோ என்று பெயர். அதை மாட்டினாலும் வயலின் ஒலிக்கத்தான் செய்யும், வெளியே குறைவாகக் கேட்கும். மெலிண்டாவும் அப்படித்தான். வகுப்பில் வாய் திறக்காதவள், பெற்றோருக்குச் சமையலறை மேசையில் காகிதத் துண்டில் குறிப்பு எழுதி வைப்பவள், நம்மிடம் மட்டும் முதல் வரியிலிருந்தே ஓயாமல் பேசுகிறாள். ஆசிரியர்களை எடைபோடுகிறாள், பள்ளியின் கோஷ்டிகளை வகை பிரிக்கிறாள், கூர்மையாகக் கேலி செய்கிறாள். இவ்வளவு பேச்சு உள்ளே இருக்கிற ஒருத்தியை அந்தப் பள்ளி 'பேசாதவள்' என்று எழுதி மூடிவிடுகிறது.

'நான்' என்று தன்மையில் சொல்லப்படும் கதைக்கு இங்கே ஒரு தனிப் பொறுப்பு வந்துவிடுகிறது. கதைக்குள் இருக்கும் யாருக்கும் கேட்காத குரல், வாசிப்பவருக்குக் கேட்கிறது. நடந்தது என்ன என்று அவள் நமக்குச் சொல்வதும் புத்தகத்தில் பாதிக்கு மேல் கடந்த பிறகுதான். அதுவரை அவளுடைய நகைச்சுவை, சோம்பல், கடித்துக் கடித்துப் புண்ணான உதடு, கைவிடப்பட்ட துப்புரவு அறைக்குள் அவள் ஒளிந்துகொள்ளும் நேரங்கள் எல்லாவற்றோடும் நாம் பழகிவிட்டிருப்போம். அப்புறம் அவள் சொல்லும்போது, 'நிஜமா?' என்று கேட்க நமக்குத் தோன்றுவதே இல்லை. ஆண்டர்சன் முதலில் ஒரு கேட்பவரை உருவாக்குகிறார், பிறகுதான் சாட்சியத்தைக் கொடுக்கிறார். இந்த வரிசையே இந்தவகை நாவல்களின் உயிர்நிலை என்று நினைக்கிறேன்.

தன்னைத் தாக்கியவனை மெலிண்டா நெடுநேரம் பெயரால் குறிப்பதில்லை, 'அது' என்கிறாள். ஆங்கிலத்தில் அது ஒரு சிறு சுட்டுச்சொல். தமிழில் அதை நினைத்துப் பார்த்தால் கனம் கூடுகிறது. ஒரு மனிதனை அஃறிணைக்குத் தள்ளுவது நம் மொழியில் எவ்வளவு பெரிய காரியம்! இன்னொரு நுட்பம்: பெரியவர்கள் அவளை உட்காரவைத்து விசாரிக்கும் இடங்கள் நாடகப் பிரதி போல அச்சாகியிருக்கும். முதல்வர் பேசுகிறார், அம்மா பேசுகிறார், பிறகு 'நான்:' என்று வரும். அதற்கு எதிரே வெறும் தாள். புத்தகம் நான்கு மதிப்பெண் பருவங்களாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு மதிப்பெண் அட்டை. பிள்ளையை அளக்கப் பள்ளி வைத்திருக்கும் கருவியும் அதுதான், அவளைப் பார்க்கத் தவறும் கருவியும் அதுதான்.

சரி, ஏன் அவள் அப்போதே சொல்லவில்லை? இந்த நாவல்களைச் சுற்றி எப்போதும் எழும் கேள்வி இது. கேட்கும் விதத்திலேயே பாதிக் குற்றத்தைப் பாதிக்கப்பட்டவர் மேல் ஏற்றிவிடும் கேள்வியும்கூட. இதற்கு உடல் தரும் பதில் ஒன்று உண்டு. ஆபத்து வந்தால் எதிர்ப்பது, ஓடுவது என்ற இரண்டு வழிகளைத்தான் பலரும் சொல்வார்கள். உறைந்துபோவது மூன்றாவது. அது அவரவர் தேர்ந்தெடுத்துச் செய்வதில்லை. மன அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு என்பதே 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. 1996-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அப்படிப் பாதிக்கப்பட்ட எட்டுப் பேருக்குத் தங்கள் அனுபவத்தை நினைவூட்டி மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். பேச்சை உருவாக்குவதில் பெரும்பங்கு உள்ள புரோக்கா பகுதியில் இயக்கம் குறைந்திருந்தது. காட்சியோடு தொடர்புடைய பகுதியில் கூடியிருந்தது. எட்டுப் பேரை வைத்து எல்லாருக்கும் விதி எழுத முடியாதுதான். ஆனாலும் படம் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்க, சொல் மட்டும் கிடைக்காமல் போகும் நிலையைத் தப்பிப் பிழைத்தவர்கள் காலம்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். 'தொண்டையில் நின்றுவிட்டது' என்று நாமும் சொல்வோமே, அதற்கு மிக அருகில் இருக்கிறது இது.

உடலின் பதில் பாதிதான். மீதிப் பாதி, கேட்கும் ஆள் யார் என்பதைப் பொறுத்தது.

அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவின் வாழ்க்கையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1969-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறு இளையோர் நாவல் இல்லை. ஆனால் பதின்வயதினர் பெருமளவில் வாசித்த நூல், பள்ளிகளில் திரும்பத் திரும்ப எதிர்ப்பைச் சந்தித்த நூலும்கூட. எட்டு வயதில் தாயின் நண்பரால் வல்லுறவுக்கு ஆளானவர் ஏஞ்சலோ. நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். தண்டனை பெற்றும் வெளியே வந்துவிட்ட அந்த ஆள் விரைவிலேயே கொல்லப்பட்டார். தன் வாயிலிருந்து வந்த சொல்தான் ஒருவரைக் கொன்றது என்று அந்தச் சிறுமி நம்பினாள். இனி எதையாவது பேசினால் இன்னும் யாராவது செத்துவிடுவார்களோ என்று அஞ்சி, அண்ணன் பெய்லியைத் தவிர மற்ற யாரோடும் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பேசவில்லை. 'பேசினால் எல்லாம் சரியாகிவிடும்' என்று எளிதாகச் சொல்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இவள் பேசியவள். பேசியதன் விளைவுதான் இவளை ஊமையாக்கியது.

அவரைத் திரும்பப் பேச்சுக்குக் கொண்டுவந்தவர் ஆர்கன்சா மாநிலத்தின் ஸ்டாம்ப்ஸ் என்ற சிற்றூரில் இருந்த திருமதி ஃபிளவர்ஸ். 'என்ன நடந்தது, சொல்' என்று அவர் துருவவில்லை. வீட்டுக்கு அழைத்தார், புத்தகம் வாசித்துக் காட்டினார், புத்தகங்களை இரவல் கொடுத்தார். அவற்றை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. முதலில் பிறர் எழுதிய சொற்கள், பிறகே சொந்தச் சொற்கள். 'ஸ்பீக்' நாவலில் மெலிண்டா ஒளியும் அறையின் கண்ணாடியை ஏஞ்சலோவின் படத்தால் மறைத்து வைத்திருக்கிறாள். அந்தப் படம் அவளுக்குப் பள்ளி நூலகத்திலிருந்து வந்தது, ஏஞ்சலோவின் புத்தகம் ஒன்றைப் பள்ளி நிர்வாகம் தடை செய்துவிட்ட பிறகு. இன்னொன்றும் என்னைத் துணுக்குறச் செய்தது. ஏஞ்சலோவின் தன்வரலாற்றில் குற்றம் செய்தவர் ஃப்ரீமன் என்ற பெயரில் வருகிறார். 'ஸ்பீக்'கில் ஒரு துண்டுச் சீட்டை எடுக்கச் சொல்லி, அதில் வந்த 'மரம்' என்ற சொல்லை ஆண்டு முழுக்க வரையவைத்து, மெலிண்டாவுக்காகப் பொறுமையோடு காத்திருக்கும் ஓவிய ஆசிரியரின் பெயரும் ஃப்ரீமன்தான்.

இந்தக் கதையின் வேர் இன்னும் பழையது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடிய ஃபிலோமேலாவின் கதை. அக்காவின் கணவன் டெரியஸ் அவளை வன்புணர்கிறான். ஊரறியச் சொல்லிவிடுவேன் என்று அவள் சொன்னதும் நாக்கை அறுக்கிறான். அவள் தறியில் உட்கார்ந்து, வெண்ணிற நூல்களுக்கு இடையே செந்நீல நூலால் நடந்ததை நெய்து அக்காவுக்கு அனுப்புகிறாள். அக்கா துணியை விரிக்கிறாள், படித்துவிடுகிறாள். முடிவில் சகோதரிகள் பறவைகளாகிறார்கள். நாக்கு இல்லாதவள் கை வேலையால் பேசினாள் என்பதைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு அக்காதான் முக்கியம். பல கைகள் மாறி வந்த அந்தத் துணியை, துணியாக மட்டும் பார்க்காமல் படிக்கத் தெரிந்தவள் அவள்.

நாஜி காலத்து யூத இனப்படுகொலையிலிருந்து சிறுவயதில் உயிர்தப்பி, பிற்பாடு மனநல மருத்துவரான டோரி லாப், அதில் தப்பிப் பிழைத்தவர்களின் சாட்சியங்களை ஒளிப்பதிவு செய்யும் முயற்சியை 1979-இல் தொடங்கியவர்களுள் ஒருவர். கேட்பவர் வெறும் பார்வையாளர் இல்லை, சாட்சியம் உருவாவதிலேயே அவருக்குப் பங்கு உண்டு என்பது அவருடைய அனுபவம். 1992-இல் ஷோஷனா ஃபெல்மனோடு சேர்ந்து எழுதிய நூலில் இதை விரிவாகச் சொன்னார். நடந்தது உள்ளே கதையாகக் கோக்கப்பட்டு இருப்பதில்லை. ஒருவர் பொறுமையாகக் கேட்கும்போதுதான் அது முதன்முறையாகக் கதையாகிறது. அதே 1992-இல் ஜூடித் ஹெர்மன் என்ற மருத்துவர் மீட்சியின் படிகளை எழுதினார். முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகூர்தலும் துக்கமும், பிறகு மனிதர்களோடு மறுபடி சேர்தல். சொல்வது இரண்டாம் படியில்தான் வருகிறது. பாதுகாப்பு கிடைக்காத பிள்ளையிடம் 'வாயைத் திற' என்று சொல்வது, படியே இல்லாத இடத்தில் ஏறச் சொல்வது.

இந்தப் பார்வையோடு 'ஸ்பீக்'கை மறுபடி படித்தால், அந்தத் துப்புரவு அறை கோழைத்தனமாகத் தெரியாது. அவளுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பு அது. நாவலில் ஓர் இடம். பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய வரலாற்றை மெலிண்டா நன்றாக எழுதியிருக்கிறாள், வகுப்பில் வாசிக்க மட்டும் மறுக்கிறாள். டேவிட் என்ற நண்பன் பிறகு அவளிடம் சொல்வதன் சாரம் இது: அந்தப் பெண்கள் உரக்கப் பேசிப் போராடியவர்கள், பேசாமல் இருக்கும் உரிமைக்காகப் பேச முடியாது. நல்ல பையன், நல்ல வாதம். ஆனால் அவனுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அவனுடைய தைரியத்துக்குப் பின்னால் பாதுகாப்பான வீடு நிற்கிறது. இரண்டும் உண்மை என்பதால்தான் அந்தப் பக்கங்கள் இத்தனை வலிக்கின்றன.

அவள் எப்படிப் பேச ஆரம்பிக்கிறாள் என்பதையும் பார்க்க வேண்டும். முதல் குரல் கழிப்பறைச் சுவரில் எழுத்தாக வருகிறது. எந்தப் பையன்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று தலைப்பு எழுதி, தன்னைத் தாக்கியவனின் பெயரை அதன் கீழ் எழுதுகிறாள். சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், வேறு வேறு கையெழுத்தில் மற்றப் பெண்கள் அவனைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். தான் தனி ஆள் இல்லை என்று அவளுக்கு அந்தச் சுவர்தான் சொல்கிறது. பிறகு நூலகத்தில் ரேச்சலுக்குத் தாளில் எழுதிக் காட்டுகிறாள். யார் செய்தது என்று ரேச்சல் கேட்கிறாள். அவன் இப்போது ரேச்சலோடு பழகுகிறவன். பெயரைப் படித்ததும் ரேச்சல் கோபத்தோடு பொய் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். இவ்வளவு காலம் சேர்த்த தைரியத்துக்கு முதல் பதில் அதுதான். பல நாவல்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடும். ஆண்டர்சன் குதிக்கவில்லை.

எழுதுவது முதலில், வாய்ப்பேச்சு பிறகு என்ற இந்த வரிசைக்கும் ஒரு பின்னணி உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் சாண்ட்ரா பீலுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் தங்கள் மோசமான அனுபவங்களை எழுதினார்கள். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மருத்துவ உதவி தேடிப் போனது குறைந்தது. எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் மேலும் கனத்துத்தான் போனது. இந்தப் பின்பாதியை யாரும் அதிகம் சொல்வதில்லை.

'ஸ்பீக்'கின் உச்சக்கட்டம் பற்றி எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. அதே துப்புரவு அறையில் அவன் மெலிண்டாவை மறுபடி தாக்குகிறான், அவள் 'முடியாது' என்று கத்துகிறாள், கண்ணாடியை உடைத்துச் சில்லை அவன் கழுத்தில் வைக்கிறாள், விளையாட்டு அணிப் பெண்கள் ஓடிவருகிறார்கள். ஊரே நம்பும்படி ஆதாரம் கிடைத்துவிடுகிறது. வாழ்க்கையில் இந்த இரண்டாவது காட்சி பெரும்பாலானோருக்கு வருவதில்லை. முதல் காட்சிக்கு எந்தச் சாட்சியும் இருக்காது, சொன்னவர் சொல் ஒன்றுதான் இருக்கும். அதனால் அந்தக் கத்தலைவிட, அதற்கு அடுத்து வரும் சின்னக் காட்சியே என் மனதில் தங்கியது. ஓவிய ஆசிரியர் அருகில் வந்து, அவள் எதையோ கடந்து வந்திருக்கிறாள் என்று மட்டும் சொல்கிறார். அவள் சொல்ல ஆரம்பிக்கிறாள். ஆரம்பிக்கும் இடத்திலேயே புத்தகம் முடிகிறது.

எல்லா மௌனமும் ஒரே மாதிரி இல்லை என்பதைப் பின்னால் வந்த நாவல்கள் காட்டின. ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' (2017) கவிதை வரிகளில் எழுதப்பட்டது. அண்ணன் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள் காலை, 15 வயது வில் துப்பாக்கியைச் சொருகிக்கொண்டு லிஃப்டில் இறங்குகிறான். கதை முழுக்க அந்த ஒரு நிமிடத்துச் சொச்சத்தில் நடக்கிறது. அவன் வளர்ந்த இடத்தில் மூன்று விதிகள்: அழக் கூடாது, காட்டிக்கொடுக்கக் கூடாது, பழி வாங்க வேண்டும். முதல் இரண்டும் சேர்ந்து வாயைப் பூட்டுகின்றன, மூன்றாவது கையை அவிழ்த்துவிடுகிறது. ஆண்பிள்ளைகளின் மௌனத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன எழுத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒவ்வொரு மாடியிலும் இறந்தவர் ஒருவர் லிஃப்டுக்குள் ஏறுகிறார். அவன் யாரிடமும் பேச முடியாததை, இறந்தவர்களிடம் பேசுகிறான். வரிகளுக்கு நடுவே பக்கத்தில் நிறைய வெள்ளை இடம். அந்த வெள்ளையும் கதைதான். கடைசியில் ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது, வில்லின் பதில் புத்தகத்தில் இல்லை.

அதே ஆண்டில் ஆஞ்சி தாமஸ் எழுதி வெளிவந்த 'த ஹேட் யூ கிவ்' நாவலில் 16 வயது ஸ்டார், தன் பால்ய நண்பன் கலீலைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக்கொன்றதை நேரில் பார்த்த ஒரே சாட்சி. போலீஸ் ஒரு பக்கம், போதை வியாபாரிகள் இன்னொரு பக்கம். படிக்கும் பள்ளியிலோ வெள்ளையர்களே அதிகம், தான் அந்தச் சாட்சி என்பதை அங்கே மறைக்கிறாள். வீட்டில் ஒரு குரல், பள்ளியில் ஒரு குரல் என்று வாழப் பழகியவளுக்கு மௌனம் உயிர்தப்பும் வழி. வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் நடுவர் குழுவின் முன் அவள் துணிந்து எல்லாவற்றையும் சொல்கிறாள். அந்தப் போலீஸ்காரர் மீது குற்றம் சாட்டப்படவே இல்லை. பேசினால் நீதி கிடைக்கும் என்ற வாக்குறுதியை இந்த நாவல் தரவில்லை. அவள் அதற்குப் பிறகும் தெருவில் ஒலிபெருக்கியைக் கையில் எடுக்கிறாள்.

பேட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011) இன்னும் உள்ளே போகிறது. 13 வயது கானரின் தாய் புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கிறார். இரவு 12.07-க்கு ஒரு மர பூதம் வந்து மூன்று கதைகள் சொல்லி, நான்காவதை அவன் சொல்ல வேண்டும் என்கிறது. அவன் வாய்க்குள் பூட்டி வைத்திருக்கும் உண்மை அவனுக்கே எதிரானது: இந்த வேதனை எப்படியாவது முடிந்தால் போதும் என்று அவன் நினைத்துவிட்டான். குற்றவாளி என்று யாருமே இல்லாத இடத்திலும் வெட்கம் ஒரு பிள்ளையை ஊமையாக்கும். இந்தக் கதையின் கரு ஷிவோன் டௌட் என்ற எழுத்தாளருடையது. அதை எழுதி முடிக்கும் முன்பே 2007-இல் அவர் புற்றுநோயால் இறந்தார். ஒருவர் சொல்ல முடியாமல் விட்ட கதையை இன்னொருவர் வாங்கிச் சொன்னதால் பிறந்த புத்தகம் இது.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையையும் வைக்கத் தோன்றுகிறது. 'பேசினாள், குணமானாள்' என்ற சூத்திரம் இளையோர் நாவல்களில் மலிந்துவிட்டது. காயம் ஒரு ரகசியமாக வைக்கப்படும், முந்நூறு பக்கம் இழுக்கப்படும், கடைசியில் திறக்கப்படும், உடனே வெளிச்சம் வரும். வாசிக்கும் பிள்ளைக்கு அதே காயம் இருந்து, அது இன்னும் யாரிடமும் சொல்லாமல் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு இந்த அமைப்பு என்ன சொல்கிறது? நீ இன்னும் பேசவில்லை, அதனால் நீ இன்னும் கதாநாயகி ஆகவில்லை என்றுதானே! சொல்லாமல் இருப்பதே ஒரு தோல்வியாக, ஏற்கெனவே உள்ள வெட்கத்தின் மேல் இன்னொரு வெட்கமாக ஏறிவிடும். நல்ல நாவல் அவசரப்படுத்தாது. யாரிடம், எப்போது, எவ்வளவு என்பதை முடிவு செய்யும் உரிமையை அது பாதிக்கப்பட்டவர் கையிலேயே விட்டுவிடும்.

இந்தப் புத்தகங்களைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்கும் முயற்சிகளும் தொடர்ந்து நடக்கின்றன. 2020-ஆம் ஆண்டில் அதிகம் எதிர்க்கப்பட்டவை என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பத்து நூல்களின் பட்டியலில் 'ஸ்பீக்' நான்காவது இடத்தில் இருந்தது. வல்லுறவைப் பற்றிப் பேசுகிறது என்பது ஒரு காரணம். மாணவர்களில் ஆண்களுக்கு எதிராக ஒருதலைப்பட்சமாக இருக்கிறது என்பது இன்னொரு காரணம். பள்ளிகளில் பேசப் போகும்போது, மெலிண்டா ஏன் இதற்கு இவ்வளவு வருந்தினாள் என்று பையன்கள் தன்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பதாக ஆண்டர்சன் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன்கள் பொல்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. அப்படியானால் இந்தப் புத்தகம் அவர்களுக்கும்தானே தேவை?

ஆண்டர்சன் தன் 13-ஆம் வயதில் வல்லுறவுக்கு ஆளானவர். அதைப் பல ஆண்டுகள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவர், 2019-இல் 'ஷௌட்' என்ற கவிதை வடிவத் தன்வரலாற்றில் முழுதாக எழுதினார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே 'ஸ்பீக்'கின் பத்தாம் ஆண்டுப் பதிப்பில் ஒரு கவிதை சேர்ந்திருந்தது. தொடக்கமும் முடிவும் மட்டும் அவருடையவை. நடுவில் உள்ள வரிகள், நாவலைப் படித்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுதிய ஆயிரக்கணக்கான வாசகர்களின் சொற்களிலிருந்து எடுத்தவை. பலர் முதன்முறையாக, ஒரு புத்தகத்தை எழுதியவரிடம், தங்களுக்கு நடந்ததைச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கவிதைக்கு அவர் வைத்த தலைப்பு 'கேள்'.